லேட்டாக வந்த லிங்கம்

சீதையைத் தேட வானரங்களை அனுப்பியபோது சுக்ரீவன் கையில் ஒரு பெயர்தான் இருந்தது, விலாசம் இல்லை. விலாசம் இல்லாதவர்கள் எந்தக் காலத்திலும் செய்கிற காரியத்தை அவனும் செய்தான். கிழக்கே வினதன், மேற்கே சுஷேணன், வடக்கே சதபலி, தெற்கே அங்கதன் தலைமையில் அனுமன், ஜாம்பவான் கோஷ்டி என்று நாலு திசைக்கும் ஆள் விட்டான். கெடு ஒரு மாதம். தாண்டினால் தலை போகும். சிறுசேரியிலும் பெங்களூரிலும் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர் பிள்ளைகள் இதற்கு பிராட்காஸ்ட் என்றும் டைம்அவுட் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் தலையை எடுப்பதில்லை, அப்ரைசலில் பார்த்துக்கொள்கிறார்கள்.

அவர்களுடைய தலைவலியும் சுக்ரீவனுடையதுதான். போனில் ரயில் டிக்கெட் போடுகிறீர்கள். இடம் பார்ப்பது ஒரு புரோகிராம், பணம் பிடிப்பது இன்னொன்று, எஸ்எம்எஸ் அனுப்புவது மூன்றாவது. எல்லாம் வேறு வேறு மெஷின்களில் ஓடுகின்றன. தட்கல் நேரத்தில் ஒன்று பத்தாகப் பெருகும், கூட்டம் கலைந்ததும் பத்து இரண்டாகும். காலையில் இருந்த விலாசத்தில் மத்தியானம் ஆள் இருக்காது. ஆகவே ஒரு பதிவேடு. எழுந்த சர்வர் ஒவ்வொன்றும் ‘இன்ன வேலைக்கு நான், இன்ன இடத்தில்’ என்று அதில் எழுதிக்கொள்ள வேண்டும். சில நொடிக்கு ஒருதரம் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராதவன் பெயர் அடிபடும். வேலை வேண்டியவன் பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிடுவான். சர்வீஸ் டிஸ்கவரி என்பது இவ்வளவுதான். தூரத்து மெஷினை உள்ளூர் ஃபங்ஷன் போலவே கூப்பிடும் வித்தையை ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்து பிரெல், நெல்சன் இருவரும் 1984-ல் கட்டுரையாக எழுதினார்கள். யார் எங்கே என்று தேட கிரேப்வைன் என்ற பதிவேட்டை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அந்தப் பதிவேடு வேலைக்கு கன்சல், யுரேகா, ஜூகீப்பர் என்ற புரோகிராம்கள். வானரங்களுக்கு அந்த வேலைக்கு வந்தது ஒரு கிழட்டுக் கழுகு.

தெற்கே போன கோஷ்டி ஸ்வயம்பிரபையின் குகைக்குள் நுழைந்து, வயிறாரச் சாப்பிட்டு வெளியே வந்தபோது கெடு தீர்ந்திருந்தது. திரும்பிப் போனால் சாவு என்பதால், போகாமலே சாவோம் என்று கடற்கரையில் பட்டினி கிடந்தார்கள். மேலேயிருந்து பார்த்த சம்பாதி என்ற அந்தக் கழுகுக்கு, சாப்பாடு வரிசை கட்டி வந்த சந்தோஷம். பேச்சுவாக்கில் அங்கதன் ஜடாயுவின் பெயரைச் சொல்லப்போய், ‘என் தம்பியைப் பற்றி யாரப்பா பேசுவது?’ என்று பசியை மறந்தது கழுகு. சீதை லங்கையில், ராவணனின் அந்தப்புரத்தில் என்று தகவலும் சொன்னது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். வால்மீகி கணக்குப்படி ராவணன் முதலில் சீதையை அந்தப்புரத்துக்குத்தான் கொண்டுபோனான். அப்புறம் அசோகவனத்துக்கு மாற்றிவிட்டான். பதிவேட்டில் இருந்தது பழைய விலாசம்! அதை நம்பிப் போன அனுமன், தூங்கிக்கொண்டிருந்த மண்டோதரியைப் பார்த்து, இவள்தான் சீதை என்று முடிவுகட்டித் தோளைத் தட்டிக்கொண்டு, தன் வாலுக்குத் தானே முத்தம் கொடுத்துத் தூணில் ஏறி இறங்கினான். நான் சொல்லவில்லை, வால்மீகியே எழுதியிருக்கிறார். தப்பான சர்வரிலிருந்து பதில் வந்ததைக்கூடக் கவனிக்காமல் டீமுக்கு பார்ட்டி வைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு வால் இல்லாததுதான் வித்தியாசம்.

அசோகவனத்தில் ஒருவழியாகச் சரியான இடம் கிடைத்தபோது, நீயும் ராவணன் போட்ட வேஷமா என்று சீதை கேட்டாள். கேட்கத்தான் வேண்டும். மோதிரத்தைக் காட்டின பிறகே நம்பிக்கை வந்தது, பதிலுக்குச் சூடாமணி வந்தது. அடையாளச் சீட்டு இல்லாமல் எந்த நல்ல சர்வரும் வாய் திறக்காது. உத்தரவு என்னவோ ‘பார்த்துவிட்டு வா’ என்பதுதான். ஊரைக் கொளுத்திவிட்டும் வந்தான் அனுமன். டேட்டாபேஸைப் படிக்க மட்டும் போன புரோகிராம் அதைத் துடைத்துவிட்டு வருவதும் உலகத்தில் நடக்கிறதுதான்.

அடுத்த காட்சி திருப்புல்லாணி. தர்ப்பைப் புல்லைப் பரப்பி, அதில் படுத்து, லங்கைக்கு வழி கேட்டு சமுத்திரராஜனைக் கூப்பிட்டார் ராமர். ஒரு நாள் பதில் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாளும் கடல் தன்பாட்டுக்கு அலையடித்துக்கொண்டிருந்தது. பின்னால் அத்தனை சேனையும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஒருவர் பதிலுக்காக எல்லோரும் முடங்குகிற இந்த ஏற்பாட்டைக் கண்டால் இன்றைய எஞ்சினியர்கள் அலறுவார்கள். ராமர் வில்லை எடுத்தார். உடனே சமுத்திரராஜன் கைகூப்பி எழுந்து வந்தான். ஆக, ஆள் உள்ளேதான் இருந்திருக்கிறான். சொன்னது இன்னும் அநியாயம்: ‘பாலம் கட்ட உங்கள் படையிலேயே ஆள் இருக்கிறானே, விஸ்வகர்மா மகன் நளன்!’ நளனைக் கேட்டால், ‘யாரும் கேட்கவில்லை சுவாமி, நானாகப் பெருமை பேசலாமா?’ என்கிற தினுசில் பதில். அனுமனும் இப்படித்தான், கடல் தாண்டும் பலம் இருப்பதை ஜாம்பவான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. யாருக்கு என்ன வரும் என்று ஒரு நோட்டு எழுதி வைத்திருந்தால் திருப்புல்லாணியில் மூன்று நாள் மிச்சமாகியிருக்கும். என்ன, ஊருக்கு ஒரு திவ்யதேசம் குறைந்திருக்கும்.

பிற்காலத்தில் இந்தக் கடலை வெள்ளைக்காரன் ஒரே டிக்கெட்டில் மடக்கினான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும், எழும்பூரில் ரயிலேறினவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனார். நடுவில் கடல் இருப்பதைப் பயணி யோசிக்க வேண்டாம். பிரெல், நெல்சன் ஆசைப்பட்டதும் அதுவே. வலைப்பின்னல் அறுந்துபோகாது, தாமதம் பூஜ்யம் என்றெல்லாம் புரோகிராம் எழுதுகிறவர்கள் நம்பித் தொலைக்கிறார்கள் என்று சன் நிறுவனத்து பீட்டர் டாய்ச் பின்னாளில் ஒரு பட்டியல் போட்டார். அதன் முதல் வரியைத் தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் தெரிந்துகொண்ட விதத்தை வேடிக்கையாக எழுத எனக்குக் கை வரவில்லை.

தாமதம் பூஜ்யம் என்கிற இரண்டாம் வரிக்கு ராமேஸ்வரம் போதும். இது வால்மீகியில் இல்லை, தலபுராணச் சரக்கு. ராவணனைக் கொன்ற பிரம்மஹத்தி தீர லிங்கம் பிரதிஷ்டை செய்ய வேண்டும். முனிவர்கள் முகூர்த்தம் குறித்தார்கள். லிங்கம் கொண்டுவர அனுமனைக் கைலாசத்துக்கு அனுப்பினார் ராமர். முகூர்த்தம் நெருங்குகிறது, அனுமன் வரவில்லை. சீதை கடற்கரை மணலைக் கூட்டி ஒரு லிங்கம் பிடித்தாள். அதற்கே பிரதிஷ்டை நடந்தது. பதில் வராவிட்டால் கையிலிருப்பதைக் கொண்டு ஒப்பேற்று என்கிற மாற்று ஏற்பாட்டை இதைவிட லட்சணமாக யாரும் செய்ததில்லை.

அப்புறம்தான் வினை. அனுமன் லிங்கத்தோடு வந்து இறங்கினான்.

பதில் வராத அழைப்பு சுலபம், முடிந்துபோன கதை. காரியம் முடிந்தபின் வந்து நிற்கிற பதில்தான் சிக்கல். கம்ப்யூட்டராக இருந்தால் ‘இது காலாவதியான அழைப்பு’ என்று எடுத்துக் கடாசிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். ராமரால் முடியுமா? வந்தவன் அனுமன், முகம் வேறு சிவந்திருக்கிறது. ‘முடிந்தால் மணல் லிங்கத்தைப் பெயர்த்துவிட்டு உன்னுடையதை வையப்பா’ என்றார். அனுமன் வாலைச் சுற்றி இழுத்தான். லிங்கம் அசையவில்லை, இழுத்தவன்தான் விழுந்தான். டேட்டாபேஸ்காரர்கள் பாஷையில், கமிட் ஆனது ஆனதுதான். கடைசியில் ராமலிங்கத்துக்கு வடக்கே அனுமன் கொண்டுவந்த விஸ்வலிங்கத்தையும் நிறுத்தி, முதல் பூஜை அதற்கே என்று ராமர் தீர்த்துவைத்தார். இன்றைக்கும் கோயிலில் அதுதான் வரிசை. ஒரே விஷயத்துக்கு இரண்டு பிரதி வைத்திருப்பது ஆபத்து என்பார்கள். எதற்கு முதலிடம் என்று அன்றே பேசி முடித்ததால் இங்கே சண்டை வரவில்லை.

அனுமன் சோம்பேறித்தனமாக எங்கும் உட்காரவில்லை. கைலாசத்தில் சிவன் உடனே தரிசனம் தராததால் அங்கே தவம் இருக்க வேண்டி வந்தது என்கிறது புராணம். இவன் கூப்பிட்ட இடத்தில் தாமதம், பழி இவன்மேல். ராமேஸ்வரத்திலிருந்து கைலாசம் போய்த் திரும்ப எத்தனை நேரம் ஆகும் என்று பார்க்காமல் முகூர்த்தம் குறித்தவர்கள், பிரசாதம் வாங்கிக்கொண்டு அவரவர் ஆசிரமத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.