பூவை மட்டும் பாத்து வாங்கின மாப்ளைக்கு

மாப்ள, வந்ததும் வராததுமா ரோஜாப் புராணமா? மஞ்சப் பூவுன்னு வாங்கித் தொட்டியில வெச்ச செடி மதில் சுவத்தைத் தாண்டி ஓடுது, மொட்டு மட்டும் ஒண்ணுகூட இல்ல. அதானுங்க சேதி? எரு வெச்சீங்க, டீத்தூள் போட்டீங்க. கண்ணு பட்டிருச்சுன்னு படிகாரம் கட்டினதா உங்கத்தை சொன்னா. எல்லாம் பண்ணினவரு, குனிஞ்சு அடித்தண்டைப் பாக்கறதை மட்டும் விட்டுட்டீங்க. இடுப்பு வலிங்களாக்கும்.

பழைய பைக்கு வாங்கப் போனப்ப இஞ்சின் நம்பர்ல இருந்து செயின் வரைக்கும் தரையில படுத்துக்கிட்டுப் பாத்தீங்க. ரோஜாவுக்கு மட்டும் ஒரு பூவைப் பாத்ததுமே பணத்தை நீட்டியாச்சு.

அது ஒரு செடி இல்லீங்க, ரெண்டு. நம்ம பக்கம் மல்டிஃப்ளோராங்கற காட்டு ரோஜாக் குச்சிய வேர் விட வெச்சு, பட்டையில 'டி' எழுத்தாட்டம் கீறி, உள்ள மஞ்ச ரோஜாவோட ஒத்தைக் கணுமொட்டைச் சொருகி, பாலிதீன் நாடாவால சுத்திருவாங்க. அதான் ஒட்டு. பேரு, நிறம், வாசமெல்லாம் மேல இருக்கறவளுக்கு. தண்ணி இழுக்கறதும் மண்ணோட மல்லுக்கட்டறதும் கீழ இருக்கறவ.

உங்க வீட்டுல கீழ இருக்கறவ எந்திரிச்சுட்டா. ஒட்டுக்கு அடியில இருந்து, முள்ளில்லாம வழவழன்னு ஒரு குருத்து வந்திருக்கும். "செடி ஜோரா வருது"ன்னு அதுக்கு ரெண்டு சொம்பு எச்சா ஊத்தியிருப்பீங்க. மஞ்சக்காரி பட்டினி கெடந்தே போய்ச் சேந்துட்டா. இணுக்குக்கு ஏழு இலை இருந்தா காட்டுக் குருத்துன்னு ஊருல சொல்லுவாங்க. அதை நம்பாதீங்க, நல்ல ரோஜாவுலயும் ஏழு வரும். மண்ணைத் தள்ளிட்டு எங்க மொளைக்குதுன்னு பாருங்க. கத்திரியில வெட்டினா மறுபடி தழைக்கும், மேல இருக்கறவ சாகறதுக்கு முன்னாடியே மொளைச்ச எடத்தோட பிச்செடுக்கோணும்.

வெக்கப்படாதீங்க, அமெரிக்காக்காரனும் இதைத்தான் பொலம்பறான். அங்க 'டாக்டர் ஹூயி'ன்னு ஒரு கருஞ்செவப்புக் கொடி ரோஜா, 1920ல வந்தது. உண்டாக்கினவரு ஜார்ஜ் தாமஸ், கோல்ஃப் மைதானம் வடிவமைக்கறதுல பேர் போனவரு. தனக்கு ரோஜாப் பைத்தியம் புடிக்க வெச்ச பல் டாக்டர் பேரையே செடிக்கு வெச்சுட்டாரு. பூவுக்காக வந்தது, காரமண்ணைத் தாங்குதுன்னு வேர் வேலைக்கு எறங்கிருச்சு. மேல ஒட்டினது பனியில செத்தா ஹூயி தலையெடுத்து, வருசத்துக்கு ஒருக்கா செவப்பாப் பூக்கறாரு. வீட்டுக்காரன் "என்ற ரோஜா நிறம் மாறிருச்சே"ன்னு முழிக்கறான்.

ஃப்ளோரிடா மணல்ல இவரு பருப்பு வேகறதில்ல. அங்க வேர்முடிச்சு நூற்புழு ஜாஸ்தி. அதனால ராபர்ட் ஃபார்ச்சூன்னு ஒருத்தரு சீனாவுல கண்டெடுத்த ஃபார்ச்சூனியானாங்கற ரோஜாவோட வேர்தான். அகலமா ஓடும், புழுவைத் தாங்கும், ஒட்டின ரோஜா ஆளுசரம் நிக்கும். அதையே கடுங்குளிர் ஊருல நட்டா வேரோட போயிரும்.

இப்ப உங்க கேட்டோரம் தரையில வெச்ச இன்னொண்ணுக்கு வாங்க. ஓசூர் செம்மண்ணுல வளந்ததைக் கோயம்புத்தூர் சுண்ணாம்புக் கரிசல்ல எறக்கிட்டீங்க. மல்டிஃப்ளோரா லேசாப் புளிச்ச மண்ணுக்காரி. காரமண்ணுல இரும்புச்சத்து இருந்தாலும் அவளால இழுக்க முடியாது. நரம்பு பச்சையா நிக்க, இலை மஞ்சளடிக்கும். அதுக்கு நீங்க பண்ணின வைத்தியம் முட்டை ஓடு! சுண்ணாம்புக்கு மேல சுண்ணாம்பு. படிச்சவங்கன்னா சும்மாவா?

அடுத்த தடவை நர்சரியில "வேர் எதுங்க?"ன்னு கேளுங்க. மொறைப்பான், கேளுங்க. பதில் வரலீன்னா தொட்டியில செம்மண்ணும் மக்கின தொழுவுரமும் கலந்து வைங்க, ஒட்டு ரெண்டு வெரக்கடை மண்ணுக்கு மேல நிக்கட்டும். இந்தத் தொல்லையே வேண்டாம்னா பன்னீர் ரோஜாக் குச்சிய ஒடிச்சு நட்டுக்குங்க. சொந்த வேரு. கீழ எது மொளைச்சாலும் அதே பன்னீர் ரோஜாதான்.

தொட்டியில இருக்கற காட்டுக்காரியப் புடுங்கிராதீங்க, வேரு நல்லா ஓடியிருக்கு. மழை முடியட்டும், மஞ்ச ரோஜாக் கணுமொட்டு ஒண்ணு கொண்டாங்க, நானே ஒட்டித் தாரேன். கூலியெல்லாம் வேண்டாமுங்க. உங்கத்தைக்குத் தெரியாம கால் கிலோ மைசூர்பாகு.