பின்னறையியல்: தூத்துக்குடி விருந்தினர் அறை பற்றிய ஒரு முன்னாய்வு

தூத்துக்குடி நடுத்தர வீடுகளில் விருந்தினர் அறை என்று தனியாக ஒன்று கிடையாது. இதுவே இவ்வாய்வின் முதல் முடிவு. அப்படியானால் மிச்சத்தை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்பவர்கள் ஆய்வேடு எழுதிப் பழகாதவர்கள். விருந்தினர் அறை இல்லை, பின்னறை இருக்கிறது. தையல் மெஷின், அரிசி மூட்டை, தாத்தா காலத்து ரேடியோ, உடம்பைக் குறைக்க வாங்கித் துணி காயப்போட மட்டும் உதவும் உடற்பயிற்சி சைக்கிள், சீராக வந்து இன்றுவரை அடுப்பேறாத அண்டாக்கள் ஆகியவை அதன் நிரந்தரவாசிகள். ஆண்டுக்கு 11 நாள் மட்டும் அங்கே மனிதர் படுக்கிறார்.

11 என்ற எண் வாய்க்கு வந்தபடி சொன்னதல்ல. பனிமய மாதா பேராலயத் திருவிழா ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் முடிகிறது. 1982-ல் பேராலயத் தகுதி பெற்ற இந்தக் கோயிலின் திருவிழாவுக்குச் சென்னை, மும்பை, கொழும்பு, வளைகுடா என்று எங்கே பிழைக்கப் போனவர்களும் ஊர் திரும்புகிறார்கள். மதம் பார்த்து வருகிற கூட்டமும் இல்லை. தங்கத் தேர் ஓடும் ஆண்டு என்றால், 2013-லும் 2023-லும் நடந்ததுபோல, சொந்தக்காரர்களோடு சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்களும் வந்து இறங்குவார்கள். மாதாவுக்குத் தேர் அலங்காரம் செய்வதற்கென்று ஒரு குழு உண்டு. பின்னறையை அலங்கரிக்க வீட்டுக்காரம்மாவைத் தவிர ஆள் கிடையாது, நிதியும் கிடையாது.

ஆகவே குறைந்த செலவில் விருந்தறை அமைப்பது எப்படி என்ற கேள்வி, இருக்கிற சாமான்களை எங்கே ஒளிப்பது என்ற கேள்வியில் தொடங்குகிறது. இவ்வாய்வு முன்வைக்கும் கருதுகோள் இதுதான்: அலங்காரத்தில் முக்கால் பங்கு மறைத்தல். அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்து விரித்தால் அது பக்க மேஜை. அரிசி மூட்டைகளை அடுக்கி, பழைய சுங்குடிச் சேலையைப் போர்த்திச் சுவரோரம் தள்ளினால் திண்டு. உடற்பயிற்சி சைக்கிளை மட்டும் எதுவாகவும் மாற்ற முடியவில்லை. அறிவியலுக்கு எல்லை உண்டு.

மறைத்தலும் வேண்டாம், ஒன்றுமே வேண்டாம் என்று வாழ்ந்த விருந்தாளியும் இக்கரையில் உண்டு. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், மணப்பாட்டில் கடலைப் பார்த்த பாறைக் குகை ஒன்றில் தங்கினார் என்பது அவ்வூர் மரபு. குகையை இன்றும் பார்க்கலாம். திரை கிடையாது, மெத்தை கிடையாது, பெயின்ட் கிடையாது. கடல் தெரியும் வாசல் மட்டும் உண்டு. செலவு என்ற ஒரே அளவுகோலை வைத்தால் இதை மிஞ்ச முடியாது. ஆனால் சென்னையிலிருந்து வரும் சின்ன அத்தானைக் குகையில் படுக்கச் சொன்னால் அடுத்த தலைமுறைவரை பேச்சு வார்த்தை இருக்காது என்பதால், இந்த மாதிரியை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று ஒதுக்க வேண்டியிருக்கிறது.

பெருந்திரளுக்கு மலிவான தங்குமிடம் என்றால் 1905-ஐப் பார்க்க வேண்டும். மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் அந்த ஆண்டு நடந்த முத்துக்குளிப்பு அந்தக் கடலிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. 8 கோடிக்கு மேல் சிப்பி கரையேறியது. ஆளில்லாத மணல்வெளியில் சில வாரங்களுக்கு மட்டும் கம்பும் ஓலையும் கொண்டு ஒரு நகரமே எழும்பும். தமிழ்க் கரையோர முத்துக்குளிப்பவர்கள், அரபிகள், செட்டிமார், நகை வியாபாரிகள், போலீஸ், வைத்தியர் எல்லோருக்கும் அதில் குடிசை உண்டு. மறு ஆண்டு, 1906-ல், யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்த இளம் அதிகாரி ஒருவர் அங்கே சிப்பி எண்ணும் மேற்பார்வைக்கு அனுப்பப்பட்டார். பின்னாளில் வர்ஜீனியா உல்ஃபின் கணவரான லெனார்ட் உல்ஃப்தான் அவர். 'கொட்டு' எனப்பட்ட வேலியடைப்புகளில் சிப்பிகளைக் குவித்து அழுக விட்டு, புழு தின்றது போக மிஞ்சியதைக் கழுவி முத்தெடுப்பார்கள். அந்த நாற்றத்தை உல்ஃப் கடைசிவரை மறக்கவில்லை. ஓலை மலிவு, கம்பு மலிவு, மணல் இலவசம், மூக்குக்குத்தான் விலை. கருவாட்டுப் பானையைப் பின்னறை ஜன்னலுக்கு நேர் கீழே வைத்திருக்கும் குடும்பங்கள் இந்த வரலாற்றைக் கவனத்தில் கொள்ளலாம்.

இனி சுவர்.

தூத்துக்குடியில் உள்ளலங்காரத்தின் தலைமை நிபுணர் உப்புதான். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு விளையும் மாவட்டம் இது; அளம் ஊருக்கு வெளியே இருந்தாலும் உப்பு வீட்டுக்கு உள்ளேயும் இருக்கிறது. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும், குறைந்தால் மறுபடி உறையும். சுவருக்குள் போன உப்பும் இதையே செய்கிறது. ஐப்பசி மழையில் கரைந்து, தை வெயிலில் பெயின்ட்டுக்கு அடியில் படிகமாகி, பெயின்ட்டை உள்ளிருந்து நெம்புகிறது. முதலில் சுவரில் ஒரு கொப்புளம் தெரியும். விரலால் அழுத்தினால் அப்பளம்போல் நொறுங்கும். உள்ளே வெள்ளையாக, பஞ்சுமாதிரி ஒரு பொடி. நாக்கில் வைத்துப் பார்க்காத குழந்தை தூத்துக்குடியில் வளர்ந்திருக்க வாய்ப்பில்லை.

இதற்கு மேலே விலையுயர்ந்த எனாமல் அடிப்பவர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதே பணத்தை அதே சுவருக்குக் கொடுக்கிறார்கள். சுண்ணாம்போ ஈரத்தை வெளியே விடும். உப்பு மேலேயே பூக்கும். துடைப்பத்தால் தட்டிவிட்டு அடுத்த பூச்சு பூசிக்கொள்ளலாம். சிக்கனமும் அறிவியலும் ஒன்றுசேரும் அரிய இடம் இது என்பதால், எவரும் இதைப் பின்பற்றுவதில்லை. உரிந்த இடத்தில் காலண்டரை மாட்டுவதே ஊர் வழக்கம். தினசரிக் காலண்டருக்குத் தலைநகரான சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்களை ஆடிப்பெருக்கன்று வெளியிடுகிறார்கள். அந்த நாள் திருவிழா 11 நாளுக்குள்ளேயே விழுகிறது. ஆனால் ஆல்பம் வருகிற நேரத்தில் காலண்டர் வராது. ஆகவே ஜவுளிக்கடை கொடுத்த, பாதி கிழிக்கப்பட்ட நடப்பாண்டுக் காலண்டரைத்தான் விருந்தாளி காலையில் கண்விழித்துப் பார்க்கிறார். ஒரே சுவரில் நான்கு காலண்டர் தொங்கினால் அவ்வீட்டில் நான்கு இடத்தில் உப்புப் பூத்திருக்கிறது என்று உறுதியாகக் கொள்ளலாம்.

ஜன்னல் விஷயத்தில் மீனவர்களின் சொல்லே ஆதாரம். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். திருவிழா கச்சான் காலத்தில் வருகிறது. மலையைத் தாண்டும்போதே ஈரத்தை உதறிவிட்டு, வரும் வழியில் கரிசல் காட்டுப் புழுதியை அள்ளிக்கொண்டு வருகிற காற்று அது. மேற்கு ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் திரை போட்டால் மூன்றாம் நாளே அது திரையா சல்லடையா என்ற ஐயம் எழும். பழுப்பு நிறப் பருத்தித் துணி உத்தமம். அழுக்கும் நிறமும் ஒன்றாகவே இருப்பதால் துவைக்கும் செலவு மிச்சம்.

திரைக்கு முத்துச்சரம் தொங்கவிடும் வீடுகள் தனிக் கவனத்துக்கு உரியவை. முத்துநகரில் கடைசியாக முறையான முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். 1973-ல் இங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் கே. அழகர்சாமி குழுவினர் செயற்கை முறையில் உருண்டை முத்தை விளைவித்தார்கள். அதற்காக யாரும் ஜன்னலில் முத்தைத் தொங்கவிடவில்லை, தொங்குவது பிளாஸ்டிக். இதை நினைத்து வெட்கப்பட வேண்டியதில்லை. 17-ம் நூற்றாண்டுப் பாரிசில் ஜாக்கின் என்பவர் மீன் செதிலின் மினுமினுப்பைக் கரைத்துக் கண்ணாடி மணிக்குள் பூசிப் போலி முத்துச் செய்தார். போலிக்கும் மீன் தேவைப்பட்டிருக்கிறது என்றால், அதுவும் ஒருவகையில் கடற்கரைச் சரக்குதான்.

கண்ணாடி அலமாரியில் வைக்க அழகாக, காசில்லாமல் கிடைப்பது பவளப்பாறைத் துண்டு. இங்கே ஆய்வாளர் கையை உயர்த்தித் தடுக்கிறார். ஒரு காலத்தில் கடலிலிருந்து பவளக் கற்களை வெட்டியெடுத்து வீடு கட்டினார்கள், சுண்ணாம்பு சுட்டார்கள். அந்தக் கொள்ளையில் மன்னார் வளைகுடாத் தீவுகள் இரண்டு, விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும், நீருக்குள் போய்விட்டன. 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்து தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2001-ல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போயிற்று. புலிக்கும் அதே அட்டவணைதான். குற்றம் உறுதியானால் குறைந்தது 3 ஆண்டு சிறை. இலவச அலங்காரத்தில் இத்தனை செலவு பிடிப்பது வேறில்லை. அந்த இடத்தில் மக்ரூன் நிறைந்த ஒரு கண்ணாடி ஜாடியை வைக்கலாம். முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு. பார்க்க வெள்ளைக் கூம்பு, பவளத்துக்குக் கொஞ்சமும் குறைவில்லை. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உப்பைப் போலவே இதுவும் நமுத்துப்போகும்.

மேஜை நாற்காலிக்குத் துறைமுகம் துணை. 1974 ஜூலை 11-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து உலகத்தின் கள்ளிப்பெட்டிகள் இங்கே வந்து இறங்குகின்றன. பழைய மரக்கடையில் அந்தப் பலகைகளை எடைக்கு வாங்கி, மணற்காகிதம் போட்டுத் தேய்த்தால் புத்தக அலமாரியே செய்துவிடலாம். வாங்குமுன் பலகையின் ஓரத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கோதுமைக் கதிர் படத்தோடு சூட்டுக்கோல் முத்திரை ஒன்று இருக்கும். பக்கத்தில் 'எச்.டி.' என்றிருந்தால், மரத்தின் நடுவரை 56 டிகிரியில் அரைமணி நேரம் சூடாக்கிப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள், எடுத்துக்கொள்ளலாம். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்ட மரம்; விருந்தாளி எவ்வளவு வேண்டாதவராக இருந்தாலும் அது வேண்டாம்.

படுக்கைக்கு வருவோம். பிளைவுட் கட்டிலும் ஃபோம் மெத்தையும் கடைத்தெருவின் கருத்து. இவ்வாய்வின் வாக்கு நார்க்கட்டிலுக்கே. பனைநாரில் பின்னிய கட்டிலில் காற்று அடியிலிருந்தும் வரும். தொய்ந்தால் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சிய 354 நாளும் சுவரில் சாய்த்து நிறுத்தலாம். அதன்மேல் பத்தமடைப் பாய். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, கீறி, நூலைவிடச் சற்றே தடித்த இழையாக்கி நெய்யும் பட்டுப்பாய் கல்யாணச் சீருக்கானது, விலையும் அப்படி. விருந்தறைக்குச் சாதாரண ரகம் போதும். தலையணைக்குப் போடிப் பக்கத்து இலவம்பஞ்சு. அந்தப் பஞ்சு நீரில் நனையாமல் மிதக்கும் என்பதால் முன்பெல்லாம் கப்பலில் உயிர்காப்புச் சட்டைக்குள் அதைத்தான் அடைத்தார்கள். துறைமுக ஊருக்கு இதைவிடப் பொருத்தமான தலையணை ஏது?

ஏசி போடலாமே என்று எதிர்வாதம் வரும். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் தின்னும். இரவு 8 மணி நேரம், 11 இரவு: 132 யூனிட். அரசு இரண்டு மாதத்துக்கு முழு வீட்டுக்கும் இலவசமாகத் தருவது 100. விருந்தாளி ஒருவரே அதைத் தூக்கத்தில் முடித்துவிடுகிறார். ஆகையால் டேபிள் ஃபேன். இரவு வெளிச்சத்துக்கு ஜீரோ வாட் பல்பு. பழைய குண்டு ரகம் பெயருக்கு மாறாக 15 வாட் எடுக்கும், எல்.இ.டி. வாங்கிக்கொள்ளவும்.

இப்படி அமைத்த அறையின் விளைவைக் களத்தில் கேட்டறிய முடியாது. "படுக்கையெல்லாம் வசதியா இருந்துச்சா?" என்று கேட்டால், வந்தவர் எவராயினும் "அதுக்கென்ன மைனி, அமோகம்" என்பார். எனவே தங்கும் கால அளவையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். 2024 நவம்பர் முதல் ரயிலில் 60 நாளுக்கு முன்னால்தான் டிக்கெட் போட முடிகிறது. வருவதற்கு மறக்காமல் போடுகிறவர்கள் திரும்புவதற்குப் போட மறக்கிறார்கள். கொடியிறங்கிய பிறகு முத்துநகர் எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட்தான். மிச்சமிருப்பது தத்கால், ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11.

அந்த நேரத்தில் தூத்துக்குடி வீடுகளில் காணும் காட்சி ஆய்வுக்குரியது. வீட்டுக்காரர் ஒரு போனில், மைனி ஒரு போனில், பிள்ளைகள் இருவர் ஆளுக்கொன்றில். கேப்சா எழுத்தைச் சத்தமாக வாசிப்பதென்ன, "ஏல, பேமெண்ட் சுத்துது, கைய வைக்காத" என்ற அதட்டலென்ன. விருந்தாளி மட்டும் பின்னறையில், நார்க்கட்டிலில், ஃபேனை மூன்றில் வைத்துக்கொண்டு குறட்டை விடுகிறார்.