ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு செட்

கேள்வி: "கம்பெனிக்கு வேலைக்கு வந்தியா, வாலிபால் ஆட வந்தியா?" என்று கேட்கிறார் சூப்பர்வைசர். என்ன பதில் சொல்வது?
(வாசகி, பிள்ளைப்பாக்கம்)

பதில்: "ஒலிம்பிக் தங்கம் வாங்க வந்தேன் சார்" என்று சொல்லுங்கள்!

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் சோவியத் அணியை 3-0 என்று சாய்த்த ஜப்பான் பெண்களில் பெரும்பாலானோர் கைசுகா ஊரிலிருந்த நிசிபோ நூற்பாலை அணியினர். பகலில் ஆலை வேலை; அது முடிந்தால் நள்ளிரவு வரை பயிற்சி. தரையில் உருண்டு பந்தை எடுத்து, உருண்ட வேகத்திலேயே எழுந்து நிற்பார்கள். கேப்டன் மசாயே கசாய்க்கு அப்போது வயது 31. அதற்கு முன்பே, 1962-ல் மாஸ்கோவுக்கே போய் சோவியத்தை வென்று உலகச் சாம்பியன் ஆனவர்.

அவர்களுக்குப் பந்தும் பயிற்சியாளரும் கொடுத்தது அந்த ஆலைதான். பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஒரு வலை கட்டவா இடமில்லை?