மாதாவை விட்டுட்டு மனுவைப் பாரு மாப்ளே

சாமி இல்லைன்னு சொல்லிட்டியாமே மாப்ளே? மாதா கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு, பூசை முடிஞ்சு வந்த கெழவிங்க நாலு பேரை மடக்கி வாதாடினியாம். உங்க அத்தை வந்து அழுதா. எனக்கு அழுகை வரலை. சின்ன வயசுலேர்ந்து பூசை நேரத்துல முந்திரித் தோப்புல படுத்துத் தூங்கினவன் நீ. அந்தத் தூக்கத்துக்கு இப்பத்தான் ஒரு கொள்கை கெடைச்சிருக்குன்னு எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனா இதை என்னமோ நீயே கண்டுபுடிச்ச மாதிரி பேசாதே. சென்னைப் பட்டணத்துல இலௌகிக சங்கம்னு ஒண்ணு இருந்துச்சு. 1882லயே 'தத்துவ விவேசினி'ன்னு பத்திரிகை போட்டு, நீ கெழவிங்ககிட்ட கேட்ட கேள்வியெல்லாம் அச்சடிச்சு வித்துட்டாங்க. வீ. அரசு தொகுத்துப் புஸ்தகமா வந்திருக்கு, படி. அந்தச் சங்கத்துக்காரங்களுக்கு வாத்தியார் மாதிரி லண்டன்ல பிராட்லான்னு ஒருத்தர். 1880ல எம்.பி.யா ஜெயிச்சாரு. சாமி பேரு சொல்லாம உறுதிமொழி எடுத்துக்கறேன்னாரு. முடியாதுன்னுட்டாங்க. 1886 வரைக்கும் இழுத்தடிச்சாங்க. மனுஷன் விடலையே! 1888ல சட்டத்தையே மாத்த வெச்சாரு. இதுல நீ கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. அவரு மல்லுக்கட்டினது பார்லிமெண்ட்டோட. ஜெபமாலை உருட்டற கெழவிங்களோட இல்ல.

அரசாங்கம் வேற, மதம் வேறன்னு இருக்கணும்ங்கற. நல்ல பேச்சு. ஆனா நம்ம அரசாங்கத்துக்கு எல்லாச் சாமியும் சொந்தக்காரங்கல்ல. 2011ல ஜெயலலிதாம்மா, ஜெருசலேம் போறவங்களுக்கு ஆளுக்கு 20,000 ரூபான்னு ஆரம்பிச்சாங்க. மறுவருஷம் மானசரோவருக்கு 40,000, முக்திநாத்துக்கு 10,000. ஹஜ்ஜுக்கும் ஏதோ உண்டு. உன்னை நெனச்சாத்தான் மாப்ளே எனக்குப் பாவமா இருக்கு. ஈரோட்டுக்கு ஒரு பஸ் டிக்கெட்டாவது போட்டுக் குடுக்கக் கூடாதா? இத்தனைக்கும் வரியை உங்கிட்டயும்தான் வாங்கறான். ஒரு மதத்தை வளக்க வரி போடக் கூடாதுன்னு அரசியல் சட்டத்துல 27ஆம் பிரிவு சொல்லுது. எல்லா மதத்துக்கும் சேத்துக் குடுத்தா அது ஒரு மதம் இல்லையேங்கறது நம்ம ஆளுங்க சாமர்த்தியம்.

அதுக்காக ஒரே அடியா ரெண்டுக்கும் நடுவுல மதில் எழுப்பிடலாம்னு குதிக்காதே. மதிலுக்கு அந்தாண்டை சாவி யாரு இடுப்புல இருக்குன்னு பாத்தியா? 1939 ஜூலையில வைத்தியநாத அய்யரு தாழ்த்தப்பட்ட சனங்களை மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போனாரே, அவங்க மேல கேசு நிக்காம ராஜாஜி அரசாங்கம் அந்த வருஷமே சட்டம் போட்டுச்சு. கோயில் விவகாரத்துல நமக்கென்ன வேலைன்னு அன்னைக்கு அரசாங்கம் ஒதுங்கியிருந்தா வழக்கு என்ன ஆயிருக்கும்? 2021 ஆகஸ்ட்ல பல சாதிக்காரங்களை அர்ச்சகரா நியமிச்சாங்களே, அந்த ஆணையைக் குடுத்தது யாரு? சாமியே இல்லைன்னு கெளம்பின பெரியார் வழியில வந்த கட்சி. நாத்திகன் போராடி ஆத்திகனுக்குப் பூசை பண்ற உரிமை வாங்கித் தந்த ஊரு இது. இந்தக் கூத்து உலகத்துல வேற எங்கயாவது நடந்திருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான்.

நம்ம கதையையும் சொல்லிடறேன், இல்லேன்னா அத்தை பக்கம் சாஞ்சுட்டேம்ப. சர்ச்சுக்கு அறநிலையத் துறை கெடையாது. அதனால சமத்துவம் பொங்கி வழியுதா? அந்தப் பக்கம் எறையூர்ல ஒரே மாதாவைக் கும்புடறவங்க சாதியால அடிச்சுக்கிட்டு, 2008 மார்ச்சுல துப்பாக்கிச் சூடு வரைக்கும் போச்சு. தலித் சனங்க தனிப் பங்கு கேட்டாங்க. ஞானஸ்நானத் தண்ணியில பாவம் போகுமாம்டா. சாதி மட்டும் நீச்சல் கத்துக்கிட்டு வந்திருக்கு.

சரி, நீ சண்டை போட வேண்டிய எடத்துக்கு வா. சாமிகிட்ட ரப்பர் ஸ்டாம்ப் இல்ல மாப்ளே. தாசில்தார்கிட்ட இருக்கு. நாளைக்கு உனக்குப் பொறக்கற புள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போவ. மதம்ங்கற கட்டத்தைக் காலியா விடலாம்னு 1973லயே அரசாணை இருக்கு. கட்டத்தைக் காலியா விடறது சுலபம். அதுக்கப்பறம் சலுகைக்குச் சாதிச் சான்றிதழ் கேப்பான், சான்றிதழுக்கு மதம் கேப்பான். சாதியும் மதமும் இல்லைன்னு ஒரு சான்றிதழ் வாங்கறதுக்கு, திருப்பத்தூர் வக்கீல் சினேகா வருஷக்கணக்கா அலைஞ்சு 2019லதான் வாங்கினாங்க. ஒண்ணும் இல்லைங்கறதுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு!

இருக்குன்னு சொல்றவன் பாடு அதைவிட மோசம். 1950ல ஜனாதிபதி போட்ட உத்தரவுப்படி பட்டியல் சாதிக்காரன் ஒருத்தன் வேதத்துல சேந்தா பட்டியல்லேர்ந்து பேரு போயிடும். பின்னால சீக்கியனுக்கும் பௌத்தனுக்கும் கதவைத் திறந்தாங்க, கிறிஸ்தவனுக்குத் திறக்கலை. 2024 நவம்பர்ல புதுச்சேரிப் பொண்ணு ஒருத்தி கேசுல, ஞானஸ்நானம் வாங்கினாளா, கோயிலுக்குப் போறாளான்னு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் ஆராய்ச்சி பண்ணி, நீ இந்து இல்லைன்னு அனுப்பிட்டாங்க. யாரு எந்தச் சாமியை நெசமா நம்பறாங்கன்னு நம்ம பங்குச்சாமிக்கே தெரியாது. கோர்ட்டு கண்டுபுடிக்குது.

இப்ப உன் கல்யாணத்துக்கு வரேன். சுயமரியாதைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு சொன்னியாம். அய்யரு வேண்டாம், தீ வேண்டாம், மாலையோ மோதிரமோ மாத்திக்கிட்டாப் போதும்னு 1967ல அண்ணா சட்டம் கொண்டாந்தாரு. அருமையான சட்டம். ஆனா அது எங்க ஒக்காந்திருக்கு தெரியுமா? இந்து திருமணச் சட்டத்துக்குள்ள, 7ஏ பிரிவா. ரெண்டு இந்துக்களுக்குத்தான் செல்லும்னு எழுதியிருக்கு. நீ வரதராஜன்பேட்டையில ஞானஸ்நானம் வாங்கின பய. நாத்திகனாத் தாலி கட்டணும்னா நீ மொதல்ல இந்துவா மாறணும்டா! பெரியாரு கேட்டா தடியைத் தூக்கிக்கிட்டு வருவாரு.

மிச்சம் இருக்கறது 1954 சிறப்புத் திருமணச் சட்டம். அதுக்கு எந்தச் சாமியும் வேண்டாம். ஆனா முப்பது நாளைக்கு முன்னாடி எழுதிக் குடுக்கணும். இன்னாரு இன்னாரைக் கட்டப் போறாரு, ஆட்சேபணை இருந்தாச் சொல்லுங்கன்னு நோட்டீஸ் ஒட்டுவாங்க. நம்ம கோயில்ல மூணு ஞாயித்துக்கெழமை ஓலை வாசிக்கறாங்களே, அதேதான். நீ பங்குச்சாமிகிட்டேர்ந்து தப்பிச்சு ஓடற, ரிஜிஸ்திரார் ஓலையைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறாரு. அங்க மூணு வாரம், இங்க ஒரு மாசம். அதுவும் வேத்து சாதிப் பொண்ணா இருந்தா, அந்த நோட்டீசைப் பாத்துட்டு யாரு அரிவாளைத் தீட்டுவான்னு யாருக்குத் தெரியும்? சாமி இருக்கா இல்லையான்னு கேக்கறதை விட்டுட்டு, அந்த முப்பது நாள் எதுக்குடான்னு கேட்டு ஒரு மனு எழுது. எழுத்துப்பிழையை நான் திருத்தித் தரேன், நீ தமிழ்ல ஃபெயிலான பய.

அந்த ரிஜிஸ்தர் கல்யாணத்துக்கு மூணு சாட்சி வேணுமாம். ரெண்டு பேரை நீ தேடிக்கோ. மூணாவது கையெழுத்து நான் போடறேன். ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்து வெச்சுட்டேன். பயப்படாதே, அதுல மட்டும் மதம் கேக்க மறந்துட்டான்.