‘அந்த இடம்’: ஒரே பாட்டை ஓயாமல் போடுவோர் பற்றி ஓர் ஆய்வு

பிடித்த பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறவர்களை வீட்டிலிருப்பவர்கள் திட்டித் தீர்த்திருக்கிறார்களே தவிர, உட்கார்ந்து ஆராய்ந்ததில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லை: தமிழ்த் திரைப்பாட்டு. அதிலும் காலாட்டாமல் கேட்க முடியாத வகை மட்டும். மெலடிக்காரர்கள் தனியே மனுக் கொடுக்கலாம்.

கருதுகோள் இதுதான். யாரும் ஒரு பாட்டை முழுதாகத் திரும்பக் கேட்க ஆசைப்படுவதில்லை. ஒவ்வொரு பாட்டிலும் ‘அந்த இடம்’ என்று ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் மீதி நான்கு நிமிடமும் பொறுத்துக்கொள்ளப்படுகிறது. “இரு, இரு, இப்ப வரும் பாரு” என்று பக்கத்திலிருப்பவரின் பேச்சைக் கையமர்த்துவது இந்த நோயின், மன்னிக்கவும், இந்த நிலையின் முதல் அறிகுறி.

முதன்மைச் சான்றாக ‘தளபதி’ (1991) படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ எடுத்துக்கொள்ளப்படுகிறது. இசை இளையராஜா, பாடியவர்கள் எஸ்.பி.பாலசுப்பிரமணியம், ஸ்வர்ணலதா. 2002இல் பிபிசி உலக சேவை நேயர்களிடம் வாக்கெடுத்து உலகின் தலைசிறந்த பத்துப் பாட்டுகளைப் பட்டியலிட்டபோது இது 4ஆம் இடம் பிடித்தது. குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ 10ஆம் இடத்தில் நின்றது. ஓட்டுப் போட்டவர்களின் ஊர்ப்பற்று இதில் புகுந்துவிட்டது என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. முதலிடம் ஓர் ஐரிஷ் தேசபக்திப் பாட்டுக்குப் போனதைப் பார்த்தால் ஆட்சேபம் நியாயம்தான். இருக்கட்டும்.

இந்தப் பாட்டில் அந்த இடம் எது? கைத்தட்டலும் அடியுமாகக் கொட்டகையே அதிர்ந்துகொண்டிருக்கும்போது, எல்லாம் சட்டென்று அடங்கி அப்பர் தேவாரம் ஒலிக்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பதிகம் குத்துப்பாட்டுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாரும் முகம் சுளிக்கவில்லை. பிறகு மறுபடி தாளம். ரசிகர்கள் இங்கே வடகலை, தென்கலைபோல இரண்டாகப் பிரிகிறார்கள். தேவாரம் தொடங்கும் நொடியே அந்த இடம் என்பது ஒரு கட்சி. தேவாரம் முடிந்து அடி திரும்ப விழும் நொடிதான் என்பது இன்னொரு கட்சி. இக்கட்டுரை இரண்டாவது கட்சியைச் சார்ந்தது. ஆய்வாளருக்கு நடுநிலை வேண்டும் என்பது உண்மைதான்; ஆனால் அந்த அடியைக் கேட்டவர்களிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

அந்த இடம் எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதற்கு ‘காதலன்’ (1994) சாட்சி. ‘முக்காலா முக்காபுலா’வைக் கேசட்டில் மட்டும் கேட்டவருக்கு ஏ.ஆர்.ரஹ்மானின் தாளத்துக்குள்ளேயோ, மனோவின் குரல் எகிறும் இடத்திலோ அது இருக்கும். படம் பார்த்தவருக்கு அது கடைசியில்தான்: பிரபுதேவாவின் உடல் மறைந்து தொப்பியும் கையுறையும் காலணியும் மட்டும் ஆடும் கட்டம். ‘ஒலியும் ஒளியும்’ பார்க்க வெள்ளிக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள், அந்தக் கட்டம் வருவதற்குள் கரண்ட் போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டதையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

விதிவிலக்கும் உண்டு. ‘சிலோன் மனோகர்’ என்று பெயர் பெற்ற ஏ.ஈ.மனோகரனின் ‘சுராங்கனி’யில் அந்த இடத்தைத் தேடிப் பயனில்லை. சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்திருக்கும் சேதிதான் சிங்களத்தில் மொத்தப் பாட்டும். மீன் வந்த சேதியை எங்கே வெட்டினாலும் மீன்தான் கிடைக்கும். சிங்களம் ஒரு சொல்கூடத் தெரியாமல் இங்கே கல்யாண வீடுகளில் அதைப் பாடித் தீர்த்தவர்களுக்குப் பாட்டு முழுவதுமே அந்த இடம்.

கருதுகோளுக்கு வலுவான ஆதாரம் கருவிகளின் வரலாற்றில் கிடைக்கிறது. டூரிங் கொட்டகைக் காலத்தில் “ஒன்ஸ்மோர்” என்று கத்த வேண்டும். ஆபரேட்டர் மனது வைத்தால் ரீல் பின்னால் போகும். இசைத்தட்டில் முள்ளைக் கையால் தூக்கி, கோடு பார்த்து வைக்க வேண்டும். டேப் ரெக்கார்டரில் மூன்று இலக்க எண்காட்டி இருந்தது. பாட்டு எந்த எண்ணில் தொடங்குகிறது என்று கேசட் அட்டையில் பென்சிலால் குறித்து வைத்தவர்கள் இருந்தார்கள். அதே பென்சிலைக் கேசட் பல்சக்கரத்தில் விட்டுச் சுற்றி பேட்டரியை மிச்சம் பிடித்தார்கள். பிறகு சில சிடி பிளேயர்களில் ‘ஏ-பி ரிப்பீட்’ என்று ஒரு வசதி வந்தது. தொடக்கத்தில் ஒரு தரம், முடிவில் ஒரு தரம் அழுத்தினால் அந்தத் துண்டு மட்டும் சுற்றிச் சுற்றி வரும். இந்தக் கருதுகோளை நம்பித்தான் யாரோ ஒரு பொறியாளர் அதைச் செய்திருக்க வேண்டும். 2022 முதல் யூடியூப் அதிகம் பேர் திரும்பப் பார்த்த பகுதியைக் கோட்டுப்படமாகவே காட்டுகிறது. அதில் மேடு எங்கே எழும்புகிறதோ அதுதான் அந்த இடம். இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்?

ரீல்ஸ் வந்து ஒரு சிக்கலை உண்டாக்கியது. அது அந்த இடத்தை மட்டும் அறுத்துக் கையில் கொடுத்துவிடுகிறது. காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் காத்திருக்காமல் வரும் அந்த இடம், இரண்டே நாளில் சலித்துவிடுகிறது. பிடித்த பாட்டை அலாரமாக வைத்துக்கொண்டு, ஒரே வாரத்தில் அந்தப் பாட்டையே வெறுத்தவர்களைக் கேட்டால் தெரியும்.

முன்னோர் ஆய்வுகளையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் எலிசபெத் மார்குலிஸ் என்ற இசை ஆய்வாளர், பெரியோ, கார்ட்டர் போன்றோரின் கடினமான நவீன இசைத்துண்டுகளை எடுத்து, கணினியில் சில பகுதிகளை வெட்டி ஒட்டித் திரும்ப வரும்படி செய்தார். கேட்டவர்களுக்கு அந்தத் திருத்திய வடிவமே அதிகம் பிடித்தது. அதுதான் மனிதர் இயற்றியது போல இருக்கிறது என்றும் சொன்னார்கள். பல்லவியைச் சங்கதி சங்கதியாகத் திரும்பப் பாடும் ஊரில் இது பெரிய செய்தி இல்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வுதான் இக்கட்டுரைக்குச் சங்கடம். அவர்கள் விசாரித்தவர்கள், உற்சாகமான விருப்பப் பாட்டைச் சராசரியாகச் சுமார் 175 முறை கேட்டதாகச் சொன்னார்கள். இனிப்பும் சோகமும் கலந்த பாட்டையோ சுமார் 790 முறை. ஆக, மெலடிக்காரர்களின் மனு ஏற்கப்படுகிறது. காலாட்டுகிறவரைவிட, மொட்டை மாடியில் தனியே நின்று வானத்தைப் பார்க்கிறவர்தான் தீவிர நோயாளி.

மருந்தும் உண்டு. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பிலிப் பீமனும் கூட்டாளிகளும் 2015இல் சோதித்துச் சொன்னது: மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை அடக்க சூயிங்கம் மெல்லலாம். வாயும் தாடையும் வேறு வேலையில் இருக்கும்போது பாட்டு மனதில் முணுமுணுக்க இடம் குறைகிறதாம். வெற்றிலை பாக்கை வைத்து இதே சோதனையை நடத்துவதாக இருந்தால் கும்பகோணம் பக்கம் ஆட்களுக்குப் பஞ்சம் இருக்காது. பாட்டை நிறுத்தச் சம்மதிப்பார்களா என்பது வேறு விஷயம்.