மருமகனே, சபைய மட்டும் படிச்சிராத!

இஞ்ச வா மருமகன். ஒழுங்கையில லைட் எரியல்லண்டு பேஸ்புக்குல எம்பியக் கிழிச்சிருக்காய். லைக் குவிஞ்சிருக்கு. லைட்தான் இன்னும் எரியல்ல.

ஒரு ரகசியம், யாருக்கும் சொல்லிராத. ஒழுங்கை லைட், குப்பை, சந்தை, நூலகம் எல்லாம் ஏறாவூர் நகர சபைட வேல. நீ போய்ச் சண்ட புடிச்சது பிரதேச செயலகத்துல. அங்க பிறப்புச் சான்றிதழ் கேக்கலாம், அஸ்வெசும கேக்கலாம். பல்பு கேட்டா அங்க வேல செய்யிற புள்ள என்ன செய்யும்? செங்கலடியில இருக்கிறது ஏறாவூர்ப்பற்று பிரதேச சபை. பேர்ல ஏறாவூர் இருக்கு, உன்ட ஒழுங்கை இல்ல. திருகோணமலை ரோட்டுல பள்ளமெண்டா அது வீதி அபிவிருத்தி அதிகார சபை. இவ்வளவு கதவிருக்க, சரியான கதவ மட்டும் தட்டாம வாறதுக்கும் ஒரு கெட்டித்தனம் வேணும்!

2023 மார்ச்சில உள்ளூராட்சி சபைகள்ட காலம் முடிஞ்சிது. எலக்சன் வைக்கக் காசில்லண்டாங்க. 2025 மே 6ல வாக்குப் போடும் வரைக்கும் உறுப்பினரே இல்ல, எல்லாம் அதிகாரிமார்ர கையில. ரெண்டு வருசத்துக்கு மேல தவிசாளர்ட கதிர சும்மா கிடந்தும் 'ஆள் எங்க?' எண்டு நீ கேட்டியா? கலியாணத்துல மாப்பிள்ள வராட்டியும் சகன் சாப்பாட்டுல இறைச்சி இருந்தாப் போதுமெண்ட சனம் நாம.

இப்ப உன்ட வட்டார உறுப்பினர்ர பேரச் சொல்லு பாப்பம். வாய் திறக்குதில்ல. கிரிக்கெட் டீமக் கேட்டா பன்னிரண்டாவது ஆளையும் சொல்லுவாய்.

சபைக்குக் கட்டுற சோலைவரிய ஜனவரி 31க்கு முன்ன முழு வருசத்துக்கும் கட்டினா நூத்துக்கு 10 கழிவு. நீ கடிதம் வந்த மறுகாதான் கட்டுவாய். சபைக்கு உதவி செய்யிற மனசு, இருக்கட்டும்.

2016ல வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துப் பக்கம் போயிராத மனே. 'எங்கட வட்டாரத்து லைட்டுக்கு எவ்வளவு ஒதுக்கின, எத்தன பல்பு வாங்கின?' எண்டு சபைட தகவல் அலுவலருக்கு எழுதிக் குடுத்தா, ஏன் கேக்கிறாயெண்டு அவங்க கேக்கேலாது. தாறமா இல்லையா எண்டு 14 வேலை நாளுக்குள்ள சொல்லியாகணும். இல்லண்டா மேன்முறையீடு, அதுக்கும் மேல கொழும்புல ஆணைக்குழு. பதில் வந்து லைட்டும் எரிஞ்சா, மறுகா பேஸ்புக்குல எதத் திட்டுவாய்?

கேக்கிறதெண்டே முடிவெடுத்தா, திகதி போட்டு எழுது, கிடைச்சதுக்குத் துண்டு வாங்கு. நாலு பக்கம் வரைக்கும் சும்மா தருவாங்க. அஞ்சாவது பக்கத்துக்குக் காசு, அத என்னட்டக் கேட்டு வந்திராத.