துங்கபத்திரையில் காய்ச்சல், பாலாற்றில் கடுக்காய்

1068-இல் சாளுக்கியப் பேரரசர் ஆகவமல்லருக்குக் காய்ச்சல் கண்டது. எந்த வைத்தியத்துக்கும் மசியாத காய்ச்சல். கடைசியில் துங்கபத்திரையில் இறங்கி உயிரை விட்டார் என்று கதையை முடிக்கிறார் அவர் மகனின் அரசவைக் கவிஞர் பில்ஹணர். ஏறக்குறைய அதே வேளையில், ஆகவமல்லரின் பரம எதிரி வீரராசேந்திர சோழரின் நாட்டில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், கோயில் வேலையாளுக்கு உடம்பு சரியில்லை என்றால் படுத்துக்கொள்ள ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, இருந்தது. பெயர் வீரசோழன்; 15 படுக்கை. பேரரசர் கொஞ்சம் வீம்பை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்திருக்கலாம்.

தலைமை வைத்தியர் ஆலப்பாக்கம் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். பாரத அசுவத்தாமன் யார்? ஆறாத புண்ணோடு அலையச் சபிக்கப்பட்டவன். வைத்தியருக்கு இந்தப் பெயர் வைத்த அப்பா தைரியசாலி.

பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு. கத்தி பிடிக்கும் சல்லியக்கிரியைக்காரருக்கு வெறும் 30 கலம். மூலிகை பறித்து விறகு கொண்டுவரும் இருவருக்கோ 60 கலமும் 2 காசும். அதாவது தலைக்கு அறுவைக்காரரின் அதே நெல், மேலே ஒரு காசு! இன்றைய அறுவை நிபுணர்கள், இந்தக் கணக்கெல்லாம் கல்வெட்டாக இருக்கும் திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரைப் படிக்காமலிருப்பது அவர்களுடைய ரத்த அழுத்தத்துக்கு நல்லது.

மருந்துப் பட்டியலில் கடுக்காய்க்கு மட்டும் நான்கு அவதாரம்: ஆடாதோடையோடு, தசமூலத்தோடு, சேங்கொட்டையோடு, கோமூத்திரத்தோடு. பூண்டு போட்ட ஆமணக்கெண்ணெய் வேறு. பழைய நெய்யையும் விடவில்லை. நோய் போகிறதோ இல்லையோ, வயிறு காலியாகாமல் எவரும் வெளியே வந்திருக்க முடியாது. கேலி போகட்டும், இரும்புக் கிட்டத்தில் செய்த வடகமும் அங்கே உண்டு, சோகைக்கு. இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரைக்கு அது மூத்த அண்ணன். பக்கத்து வேதபாடசாலைப் பையன்களுக்கோ ஆண்டில் 51 சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். எந்தச் சனிக்குத் தப்பித்தார்கள் என்பது பெருமாளுக்கே வெளிச்சம்.

மறுபடி காய்ச்சலுக்கு வருவோம். வெப்பமண்டல நோய்களைப் படிக்க லண்டனில் பள்ளி திறந்தது 1899-இல். மலேரியாக் கொசுவைப் பிடித்துக் கொடுத்த ரொனால்டு ராசுக்கு 1902-இல் நோபல். பட்டனுக்கு அதெல்லாம் இல்லை. ஆனால் நோபல் ஒரு தடவைதான். நெல் வருஷா வருஷம்.